ஆவாரை: யாரும் விதைக்காத வெள்ளாமை



போன மார்கழி கடைசி நாள், போகி அன்னைக்கு, அரவக்குறிச்சி கடைவீதியில ஒரு கட்டு காப்பு இருபது ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒரு கைப்பிடி வேப்பிலை, நாலு இணுக்கு பூளைப்பூ, ரெண்டு கொத்து ஆவாரம்பூ. அவ்வளவுதான். அதை வண்டியில மாட்டிக்கிட்டு ஊருக்குத் திரும்பும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆவாரம்பூவைக் காசு கொடுத்து வாங்கினான் என்று எங்க அப்பத்தா கேட்டிருந்தால் வாரியலைத் தூக்கியிருக்கும்.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்கிறேன். எங்க கொங்குப் பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசப்படி, கூரை இறவாணம், கட்டுத்தறி, குப்பைமேடு, கிணத்துமேடு, வெள்ளாமைக் காடு எல்லாத்துலயும் செருகி வைப்போம். இப்ப மோட்டார் ரூமுக்கும் டிராக்டருக்கும் சேர்த்துக் கட்டுகிறோம். நான் சின்னப் பையனாக இருந்தபோது அதுக்கென்று எங்கேயும் போனதில்லை. வீட்டுக்குக் கிழக்கே கரட்டு ஓரத்துல போய் நின்றால் கண்ணுக்கு எட்டின மட்டும் மஞ்சளாகத்தான் இருக்கும். கூட்டாளிகள் நாலு பேர் போய் ஆளுக்கு ஒரு சுமை ஒடிச்சுக்கிட்டு வருவோம். மறுநாள் பார்த்தால் ஒடிச்ச இடமே தெரியாது.

அந்தச் செடி எங்கே போச்சு? இந்தக் கேள்வி மனசைக் குடைஞ்சுக்கிட்டே இருந்தது. எங்க அப்பத்தா சொன்னது கொஞ்சம் ஞாபகம் இருந்தது. பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் இருந்ததை மகள் தேடிப் படிச்சுச் சொன்னாள். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தால், நாம் ஏதோ களைச்செடி என்று நினைக்கிற இந்த ஆவாரைக்குப் பின்னால பெரிய கதை இருக்குதுங்க. கடைசியில அந்தக் கதை என் காட்டுலதான் வந்து முடிஞ்சது. அதனால கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துப் படிங்க.

சரளையில நிக்கிற செடி

ஆவாரை வளர்கிற இடத்தைப் பார்த்தாலே அதோட குணம் தெரிஞ்சுபோகும். மண் ஒரு முழம்கூட இருக்காது, கீழே பாறை, மேலே சரளைக்கல். வருசத்துல முக்கால்வாசி நாள் மழை கிடையாது. அங்கே சோளம் விதைச்சால் விதைகூடத் திரும்பி வராது. ஆவாரை மட்டும் ஆள் உயரத்துக்குப் புதராக நின்னு பூத்துக்கிட்டு இருக்கும். ஆடு மாடு இதை அவ்வளவா வாய் வைக்காது. அதனால மேய்ச்சல் பூமியில மத்தச் செடி எல்லாம் போனாலும் இது நிக்கும். வெட்டினால் அடித்தூரிலிருந்து மறுபடி தழைச்சுவிடும். வேர் மட்டும் இருந்தால் போதும்.

1753-ல் லின்னேயஸ் என்கிற சுவீடன் நாட்டு அறிஞர் இதுக்கு லத்தீன்ல பேர் வெச்சபோது காதுச்செடி என்கிற அர்த்தம் வருகிற மாதிரி 'ஆரிகுலேட்டா' என்றார். ஏன் என்று செடியைப் பார்த்தால் தெரியும். இலைக்காம்பு கிளையில் சேருகிற இடத்துல ரெண்டு பக்கமும் காது மடல் மாதிரி சின்ன இலை இருக்கும். அம்பது வருசமாக இந்தச் செடியோட கிடக்கிறேன், படிச்ச பிறகுதான் அதையே கவனிச்சேன்.

சங்க காலத்திலேயே இதுக்குப் பேர் இருக்கு. கபிலர் குறிஞ்சிப்பாட்டுல வரிசையாகச் சொல்கிற 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாத இளைஞன் பனைமட்டையில் குதிரை செய்து, அதை ஏறி ஊர் நடுவே வருவானே, மடலேறுதல் என்று பள்ளிக்கூடத்துல படிச்சோமே, அந்தப் பனங்குதிரைக்குப் போட்ட மாலையிலும் ஆவிரம்பூ உண்டு. ஊர்ப் பேர்களும் இருக்கு. கோயமுத்தூரில் ஆவாரம்பாளையம், பள்ளிபாளையம் பக்கம் ஆவாரங்காடு. ஆவாரம்பாளையத்துல இன்னைக்கு லேத்துப் பட்டறையும் மோட்டார் கம்பெனியும்தான் கண்ணில் படும், ஆவாரஞ்செடி தேடினால் கிடைக்குமா தெரியவில்லை.

தெலுங்கில் இதுக்குத் தங்கேடு என்று பேர். அவங்க பதுகம்மா பண்டிகைக்கு அடுக்குகிற பூவில் இது முக்கியம். தெலங்கானா தனி மாநிலமானதும் இதையே மாநிலப் பூவாக வெச்சுக்கிட்டாங்க. இலங்கையில் சிங்களவர்கள் ரணவரா என்று சொல்லி, பூவைக் காயவெச்சுக் கொதிக்கவிட்டுக் குடிக்கிறாங்க. வறண்ட பூமி எங்கே இருக்கோ அங்கே எல்லாம் இதுக்கு மரியாதை இருந்திருக்கு.

உலைக்குள்ள போன குச்சி

நான் எதிர்பார்க்காத விஷயம் இரும்புங்க.

சேலம், திருச்சி வட்டாரத்துலயும் மைசூர்ப் பக்கத்துலயும் நம்ம கொல்லர்கள் செய்த எஃகு அந்தக் காலத்தில் உலகம் பூராப் பேர்பெற்றது. வெள்ளைக்காரன் அதை 'ஊட்ஸ்' என்றான். உருக்கு, உக்கு என்கிற நம்ம சொல்லிலிருந்துதான் அது வந்தது என்கிறாங்க. அந்த எஃகைச் செய்த முறையில் ஆவாரை வருகிறது.

1800-ல் பிரான்சிஸ் புக்கானன் என்கிற கம்பெனி டாக்டர் மைசூர்ச் சீமையைச் சுத்திப் பார்த்து எழுதிவெச்சார். அங்கே எஃகு செய்கிறவங்க களிமண் மூசைக்குள்ள இரும்போட ஆவாரங்குச்சியைப் போட்டு, மேலே பச்சை இலை வெச்சு மூடினதை அவர் குறிச்சிருக்கார். அதுக்கப்புறம் ஹீத் என்று ஒருத்தர். கம்பெனி உத்தியோகத்தை விட்டுவிட்டு 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினவர். சேலத்துப் பக்கம் எஃகு செய்ததை அவரும் விவரமாக எழுதியிருக்கார். இரும்பைச் சின்னத் துண்டாக வெட்டி, அதோட எடையில் பத்தில் ஒரு பங்கு காய்ஞ்ச ஆவாரங்குச்சியை நறுக்கிப் போட்டு, பச்சை இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைச்சு, இப்படி இருபது இருபத்துநாலு மூசையை ஒரே உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவாங்க. இரண்டரை மணி நேரத்தில் உருகி எஃகாகிவிடும்.

விஷயம் என்ன என்றால், வெறும் இரும்பு மெத்து. அதுக்குள்ள கொஞ்சம் கரி ஏறினால்தான் எஃகு. காத்துப் புகாத மூசைக்குள்ள ஆவாரங்குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்புக்குள்ள ஏறியது. எந்தக் குச்சியைப் போட்டாலும் கரி கிடைக்கும்தான். ஆனாலும் கொல்லன் கை நீட்டினது ஆவாரைக்கு. இரும்புக்கல் கிடக்கிற அதே கரட்டில் அதுவும் நின்னது, பெருவிரல் தடிமனுக்குக் குச்சி இருந்தது, வேலி கிடையாது, சொந்தக்காரன் கிடையாது. இங்கிலாந்து இரும்பு கப்பல்ல வந்து விலை குறைஞ்சபோது அந்த உலைகள் ஒவ்வொன்றாக அணைஞ்சது. கொல்லருக்குப் பிழைப்புப் போச்சு. செடி அங்கேயே நின்னது.

கிணத்திலிருந்து தண்ணி ஏறினது

அடுத்தது தோல். இது எங்க விவசாயத்துக்கு நேராச் சம்பந்தப்பட்டது.

கரண்டு மோட்டார் வருகிறதுக்கு முன்னால கவலை இறைச்சுத்தான் இந்தக் கொங்குப் பூமி விளைஞ்சது. ரெண்டு எருது பின்னுக்கும் முன்னுக்கும் நடக்க, கிணத்துக்குள்ள இருந்து சால் ஏறி வரும். சாலுக்கு அடியில் தோலில் ஒரு வால் தொங்கும். அது வழியாகத்தான் தண்ணி வாய்க்காலில் கொட்டும். அந்தத் தோல் நாள் பூராத் தண்ணியில் நனையணும், அழுகக்கூடாது, கல்லுல உரசினாலும் கிழியக்கூடாது. அதைச் செஞ்சு கொடுத்தவங்க அருந்ததியர் சனம். எங்க வயல்ல பாய்ஞ்ச ஒவ்வொரு சொட்டுத் தண்ணியும் அவங்க பதப்படுத்தின தோல் வழியாகத்தான் ஏறி வந்தது. அதுக்கு நம்ம ஊர்கள் அவங்களுக்குக் கொடுத்த மரியாதை என்ன என்பதையும் சேர்த்துத்தான் இந்தச் சரித்திரத்தை எழுதணும். அதை மறைச்சுட்டுப் பெருமை மட்டும் பேசினால் அது சரித்திரம் ஆகாது.

தோலைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊறவெச்சு மயிரை வழிச்சு, கழுவி, பை மாதிரித் தைப்பாங்க. அதுக்குள்ள இடிச்ச ஆவாரம்பட்டையையும் தண்ணியையும் நிரப்பி மரத்துல தொங்கவிடுவாங்க. பட்டைச் சாறு தோலுக்குள்ள இறங்கும். பட்டையில் டானின் என்கிற துவர்ப்புச் சத்து இருக்கு. நூத்துக்குப் பதினெட்டு இருபது பங்கு. பாக்கு கடிச்சால் நாக்கு இழுக்குதே, அந்தச் சத்துதான். நாக்கை இழுக்கிற மாதிரியே தோலோட நாரையும் இழுத்துப் பிடிச்சுக்கும். அப்புறம் அது அழுகாது. ஊர் ஊருக்கு நடந்த வேலை இது. பட்டைக்கு யாரும் விலை வைக்கவில்லை.

கப்பல் ஏறின பட்டை

விலை வைக்க ஆரம்பிச்சது வெள்ளைக்காரன் காலத்துல. 1876 முதல் 78 வரைக்கும் தாது வருசப் பஞ்சம். சென்னை மாகாணத்துல சனம் செத்தது போலவே ஆடு மாடும் கூட்டம் கூட்டமாகச் செத்தது. 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்பாங்க. பஞ்சத்துல அதோட பூவையும் கொழுந்தையும் வேகவெச்சுத் தின்ன கதை எங்க அப்பத்தாவுக்கு அதோட மாமியார் சொன்னது. சாவாரைக் கண்டதுண்டோ என்ற சொலவடை அந்த வருசம் பலிக்கவில்லை. கண்டாங்க, நிறையக் கண்டாங்க.

அந்த நூற்றாண்டுக் கடைசிக்குள்ள சென்னை, திண்டுக்கல், திருச்சி, ஈரோடு, பாலாத்துக் கரை ஊர்கள் எல்லாத்துலயும் தோல் ஷாப்புகள் வந்துவிட்டது. எங்க பக்கத்துல இன்னைக்கும் தோல் பதனிடுகிற இடத்தைத் தோல் ஷாப்பு என்றுதான் சொல்வாங்க. நம்ம நாட்டு மாடு சின்ன உடம்பு, தோலும் மெல்லிசு. பூட்ஸோட மேல்பாகத்துக்கு அது அளவாக இருந்தது. ஆவாரம்பட்டையில் பதம் பண்ணின தோல் வெளிர் நிறமாக, மெத்தென்று, நல்ல கெட்டியாக இருக்கும். ஒரே குறை, வெயில் பட்டால் சிவந்துபோகும். அதுக்கும் நம்ம ஆளுக வழி வெச்சிருந்தாங்க. கடைசியில் கடுக்காய்த் தண்ணியில் ஒரு முறை முக்கி எடுத்தால் சிவக்காது. ஆவாரையும் கடுக்காயும், மேலே தடவப் புங்க எண்ணெய் அல்லது நல்லெண்ணெய். இந்தச் சாமானில் தயாரான தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்கிற பேரில் லண்டனில் ஏலம் போச்சு. இங்கிலீஷ்காரன் ஆவாரஞ்செடிக்கு வெச்ச பேரே தோல் பதனிடுகிறவன் செடி என்ற அர்த்தத்துல 'டேனர்ஸ் காசியா'.

1914-ல் முதல் உலகப்போர் வந்தது. லட்சக்கணக்கான சிப்பாய்க்குப் பூட்ஸ் வேணும். பிரிட்டிஷ் சர்க்கார் சென்னை மாகாணத்துத் தோலை மொத்தமாகத் தானே எடுத்துக்கொண்டது. பிரான்ஸ் நாட்டுச் சேத்துல நடந்த சிப்பாய் காலில் இருந்த பூட்ஸில் எங்க கரட்டு ஆவாரம்பட்டையும் இருந்திருக்கும் என்று நினைச்சால் ஆச்சரியமாக இருக்கு.

இத்தனைக்கும் இந்தப் பட்டையை யாரும் வெள்ளாமை செய்யவில்லை. கரட்டிலும் பொறம்போக்கிலும் தானா முளைச்சது. 1882-ல் சென்னை மாகாண வனச் சட்டம் வந்தபிறகு ஒதுக்குக் காட்டுக்குள்ள பட்டை உரிக்கிற உரிமை குத்தகைக்காரன் கைக்குப் போச்சு. அதுவரைக்கும் தன் கரடு என்று நினைச்சுப் போய்வந்தவன், அதே செடியைத் தொட்டால் திருடன்.

அப்பத்தா கை

எங்க அப்பத்தா பட்டை உரிச்சதுங்க. கல்யாணமாகி வந்த புதுசுல, அதாவது 1930-களிலிருந்து ரெண்டாவது உலகப்போர் முடிகிறவரைக்கும். மழை பேஞ்சு செடியில் சாறு ஏறினால்தான் பட்டை லேசாக உரியும். வெள்ளிமுளைக்கக் கரட்டுக்குப் போய்க் கிளையை வெட்டி, கல்லுமேல வெச்சுக் கட்டையால் தட்டி, பட்டையை இழுத்தால் நீளமாகக் கழண்டு வரும். அதை நிழலில் காயவெச்சு, மூட்டை கட்டி, தலைச்சுமையாகக் கொண்டுபோய் வியாபாரிகிட்டப் போடணும். அங்கே ஈரமாக இருக்கு, குச்சி கலந்திருக்கு என்று கழிவு போடுவாங்க. தராசு அவங்களுது. கணக்கு அவங்களுது. அங்கிருந்து மாட்டுவண்டியில திண்டுக்கல் போகும்.

"லண்டன்ல என்ன வெலை, இங்கே என்ன வெலைன்னு யாருக்கு சாமி தெரியும்? குடுத்ததை வாங்கிட்டு வந்தோம். உப்பு வாங்க, சீமெண்ணெய் வாங்க ஆச்சு." இதுதான் அப்பத்தா எனக்குச் சொன்ன பொருளாதாரம்.

நான் அறிஞ்சபோது அதுக்கு அறுபது வயசுக்கு மேல. உரிச்ச காலத்துல வலது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் கறுப்பாகவே இருக்கும் என்று சொல்லும். ஊரில் ஒருத்தர் சோறு போடும்போது கையைப் பார்த்து, கழுவலையா என்று கேட்டாராம். அதை நாப்பது வருசம் கழிச்சும் அது மறக்கவில்லை. அந்தக் கறுப்பு அழுக்கில்லைங்க. ஆவாரை டானினும் அரிவாள் இரும்பும் ஒன்னு சேர்ந்தால் மை மாதிரிக் கறுப்பு உண்டாகும், சோப்புப் போட்டாலும் போகாது. இதை நான் போன மாசம்தான் தெரிஞ்சுக்கிட்டேன். அப்பத்தா இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு விஷயம் மட்டும் அது அடிச்சுச் சொல்லும். பட்டைக்காரி வேரைத் தொடமாட்டாள். கிளையை வெட்டினால் அடுத்த மழைக்கு நாலு கிளை வரும், அது அடுத்த வருசக் கூலி. "வேரைப் புடுங்கினவ வவுத்தைப் புடுங்கினவ" என்று சொல்லும்.

சீமைப் பட்டை, நீலத் தோல்

அப்புறம் எப்படி இந்தத் தொழில் போச்சு? ரெண்டு பக்கமிருந்து அடி விழுந்தது.

ஒன்று வாட்டில் மரம். ஆஸ்திரேலியாவில் பிறந்து, தென்னாப்பிரிக்கா நடால் பகுதியில் தோப்புத் தோப்பாக வளர்த்த மரம். அதோட பட்டையில் நூத்துக்கு முப்பதுக்கு மேல டானின். தோப்புல வெட்டி, கப்பலில் ஏத்தி அனுப்பினாங்க. கரடு கரடாக அலைஞ்சு கையால் உரிச்சுச் சேர்க்கிற ஆவாரை அதோட போட்டி போட முடியவில்லை. முதல் போருக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக தோல் ஷாப்புகள் வாட்டிலுக்கு மாறிக்கிட்டது. நிறவெறிக் கொடுமைக்காக 1946-ல் இந்தியா தென்னாப்பிரிக்காவோட வியாபாரத்தை நிறுத்தினபோது ஆவாரை திரும்பி வந்திருக்கலாம். ஆனால் சுதந்திரத்துக்கு அப்புறம் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் இருந்த புல்வெளியில் வாட்டிலைப் பெருசாக நட்டாங்க. அங்கே புல்வெளி போய், மலையில் ஊறி வந்த தண்ணியும் குறைஞ்சது என்று இன்னைக்குப் பேசுகிறோம். கீழே சும்மா நின்ன செடியை விட்டுட்டு மேலே இருந்ததை அழிச்ச கதை அது.

ரெண்டாவது குரோம். 1903-ல் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் உப்பில் தோல் பதனிட்டுப் பார்த்தார். அந்தத் தோலில் கவலைச் சாலும் செஞ்சு பார்த்தாங்க என்பது எனக்குப் புதுச் செய்தி. அதுக்கப்புறம் வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பேர். பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலை குரோமில் சில நாளில் முடிஞ்சுவிடும். 1970-களில் அரசாங்கம் பாதிப் பதம் பண்ணின தோலை ஏற்றுமதி செய்கிறதைக் கட்டுப்படுத்தி, முடிச்ச சரக்காக அனுப்புங்க என்று சொன்னதும் பெரும்பாலான ஷாப்புகள் குரோமுக்கு மாறிக்கிட்டது. அதோட கழிவு பாலாத்துல என்ன பண்ணினது என்று எல்லாருக்கும் தெரியும். 1996-ல் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில், கெடுத்தவனே ஈடு கட்டணும் என்று தீர்ப்பு சொன்னது. பட்டை ஷாப்பு மட்டும் சுத்தம் என்று சொல்லவில்லைங்க. அங்கேயும் சுண்ணாம்பு, உப்பு, நாத்தம் எல்லாம் உண்டு. ஆனால் பட்டைச் சக்கையை எடுத்து உரத்துக்குப் போடலாம், குரோமை எங்கே போடுவது?

நான் பண்ணின தப்பு

எஃகு உலை அணைஞ்சும் ஆவாரை நின்னது. லண்டனுக்குப் பட்டை போனபோதும் நின்னது, நின்னுபோன பிறகும் நின்னது. அத்தனையும் தாங்கினது எங்க தலைமுறையில்தான் காலியாச்சு. அடுத்தவனைக் கை காட்ட நான் தயாரில்லை.

எங்க கரட்டு ஓரத்துல எனக்கு ஒரு ஏக்கர் எண்பது சென்ட் கல்லாங்காடு. எங்க அப்பா காலம் வரைக்கும் ஆவாரையும் கொழுக்கட்டைப் புல்லுமாகக் கிடந்தது. 2012-ல் முருங்கைக்கு நல்ல விலை. நானும் ஆசைப்பட்டு ஜேசிபி வெச்சு ரெண்டு நாளில் மொத்தத்தையும் வேரோட புரட்டிப் போட்டேன். எங்க அம்மா வாசப்படியில உக்காந்து, "அது உன்னைய என்ன பண்ணுச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டது. நான் பதில் சொல்லவில்லை. புரட்டின தூரை அடுக்கித் தீ வெச்சேன்.

மூணு வருசம் முருங்கை காசு கொடுத்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பெருமழை வந்தபோதெல்லாம் செம்மண் கரைஞ்சு பள்ளத்துக்குப் போச்சு. முன்னாடி ஆவாரைத் தூர் பிடிச்சு வெச்சிருந்த மண் அது. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்ச்சது. அந்த மாதிரி வறட்சியை நான் பார்த்ததில்லை. போர்வெல் வத்தி, முருங்கை ஒவ்வொன்றாகக் காய்ஞ்சு நின்னது. அடுத்த வருசம் அந்தக் காட்டுல போய்ப் பார்த்தால் பாறைதான் தெரிஞ்சது. ஜேசிபி எட்டாத வரப்போரத்துல மட்டும் ஏழெட்டு ஆவாரை. பூத்திருந்தது.

ஊர்ப் பொறம்போக்கில் மிச்சமிருந்ததைச் சீமைக்கருவேலம் பாதி எடுத்துக்கிட்டது. மீதிக்கு இப்பப் புது வியாபாரம் வந்திருக்கு. சித்த மருத்துவத்துல ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை ஏழும் சேர்த்த ஆவாரைக் குடிநீர் சர்க்கரை நோய்க்குக் கொடுப்பாங்க. அதனால பூவுக்கும் பொடிக்கும் கிராக்கி. பூவை மட்டும் பறிச்சால் தப்பில்லை. ஆனால் பூ, காய், இலை, பட்டை, வேர் அஞ்சும் சேர்ந்ததுதான் விசேஷம் என்று, ரெண்டு வருசம் முன்னால ஒரு ஏஜென்டு ஆள் வெச்சு, கடப்பாரை போட்டு முழுச்செடியாகத் தோண்டி லாரியில ஏத்திக்கிட்டுப் போனார். ஊர்ல யாரும் கேட்கவில்லை. களைச்செடிதானே என்று நானும் கேட்கவில்லை. தோண்டினவங்களுக்கு நாள் கூலி. பொட்டணத்துல என்ன விலை என்று அவங்களுக்கும் தெரியாது. அப்பத்தா சொன்ன அதே பொருளாதாரம்தான், அப்பத்தா மட்டும் இல்லை. அடுத்த போகிக்கு ஊருக்கே காப்புக் கட்ட ஆவாரம்பூ இல்லாமல் போச்சு.

இதைத்தான் நான் புரிஞ்சுக்கிட்டேன். நூறு வருசத்துக்கு மேல வெட்டி வெட்டி வித்தும் ஆவாரை அழியவில்லை. வெட்டினவங்க ஏழைங்க, அடுத்த வருசமும் அதே கரட்டுக்கு வரவேண்டியவங்க. அதனால வேரை விட்டாங்க. அடுத்த வருசம் இங்கே வரத் தேவையில்லாத கை பட்டபோதுதான் வேர் போச்சு. அந்தக் கையில் ஒன்னு ஏஜென்டுது. இன்னொன்னு, ஜேசிபிக்காரனுக்குக் காசு எண்ணிக் கொடுத்த என்னோடது.

போன வருசம் வரப்போரத்துச் செடியில காய் முத்தினதும் விதை எடுத்தேன். பட்டையான காய், ஒரு காய்க்குள்ள பத்துப் பதினஞ்சு விதை. தோல் கெட்டி, சும்மா போட்டால் சீக்கிரம் முளைக்காது. மணலோட சேர்த்துக் கொஞ்சம் தேய்ச்சு, ராத்திரி ஊறவெச்சு, ஐப்பசி மழைக்கு முன்னால கல்லாங்காட்டுல தூவிவிட்டேன். யாரும் விதைக்காத செடியை விதைக்கிறவன் என்று ஊர்ல சிரிச்சாங்க. எங்க ஊட்டுலயும் சிரிச்சாங்க. தை மாசம் போய்ப் பார்த்தபோது சரளைக்கு நடுவுல விரல் உயரத்துக்கு அங்கங்கே முளைச்சிருந்தது. எண்ணவில்லை. எண்ணினால் ஆசை வந்துவிடும்.

மகன் அந்த இடத்தைச் சோலார்க் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடலாம் என்கிறான். அவன் சொல்கிறதிலும் நியாயம் இருக்கு, வருசா வருசம் காசு வரும். இன்னும் முடிவு பண்ணவில்லை. எங்க அம்மாவுக்கு இப்ப எண்பத்திரண்டு வயசு, அதுகிட்டக் கேட்டேன். "பூக்கட்டும், அப்பறம் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டது.

அதுவரைக்கும், எங்க பக்கம் இருக்கிறவங்க காப்புக் கட்ட ஆவாரம்பூ வேணும் என்றால் கடைவீதிக்குப் போகாதீங்க. வரப்போரத்துல நிக்குது, வந்து ஒடிச்சுக்கங்க. காசு வேண்டாம். கிளையை மட்டும் ஒடிங்க, வேரை அசைக்காதீங்க.